மோட்டார் வண்டியின் மூளைப்பெட்டி

அறியாத பொருளின்மேற் பழிசுமத்துதல் எளிது. அறிந்த பொருளை நின்று நிதானித்து ஆராய்தல் அரிது. இவ்வுண்மை மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் நாள்தோறும் விளங்கக் காணலாம். வண்டி ஓடாது நின்றவுடன், அதன் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதென்று தீர்ப்புக் கூறிவிடுவார் பலர். அத்தீர்ப்பு ஒரோவழி உண்மையாதலும் உண்டு. ஆராயாது கூறப்படின் பெரும்பாலும் பொய்யாய் முடியும். ஆதலின், பழைய டிரக்கு ஒன்றின் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் கெட்டதென ஐயுற்றவிடத்து, அதனை மாற்றுமுன் ஆராய வேண்டுவன யாவை, மாற்றுங்கால் கைக்கொள்ள வேண்டுவன யாவை என்பவற்றை இவ்வியாசத்தின்கண் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு எஞ்சினோடு யாது உறவு என வினவுவாரும் உளராகலாம். பொருள் எத்துணை நுட்பமாயினும் அதனைத் தமிழிற் கூறவியலும் என்று காட்டுதலும் தமிழ்ப்பணியேயாம். அன்றியும், காரணத்தை நாடாது காரியத்தைத் திருத்த முயலுதல் எத்துறையிலும் கேடு பயப்பது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறு கிடைத்தலரிது.

டிரக்கு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டார்க்குப் பல சக்கரங்களோடு நெல்மூட்டை சுமந்து செல்லும் லாரியே நினைவுக்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, முன்னே இருவர் மூவர் அமரும் அறையும், பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் உடைய பிக்கப் வண்டியையும் அப்பெயராலேயே வழங்குவர். அத்தகைய வண்டிகளுள் போர்டு கம்பெனியார் 1948-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிடத் தொடங்கிய எப் வரிசை பெயர்பெற்றது. அவ்வரிசையைச் சேர்ந்த எப்-150 என்பது 1975-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிப்போந்தது. ஆறு சிலிண்டர்களை ஒரே நிரலில் உடைய 4.9 லிட்டர் எஞ்சின் ஒன்று இவ்வண்டிகளிற் பொருத்தப்பட்டு வந்தது. 1965 முதல் 1996 வரை வழங்கிய அவ்வெஞ்சின், விரைவிற் சிறந்ததன்றாயினும், உழைப்பிற் சிறந்ததெனக் குடியானவரிடையே நற்பெயர் ஈட்டியது.

அந்நாட்டு நாட்டுப்புறங்களில் பஸ் வசதி மிகக் குறைவு. வைக்கோற்கட்டும் வேலிக்கம்பமும் தச்சர் கருவியும் ஏற்றிச்செல்வதும், வீட்டாரை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதும் பெரும்பாலும் இவ்வண்டியேயாம். முப்பதாண்டு கடந்த வண்டியை ஒருவன் இன்றும் வைத்திருக்கின்றானெனின், புதியது வாங்கப் பொருளின்மையே பலர்திறத்துக் காரணம். அத்தகையோன் கையிலுள்ள சிறுதொகையை ஒரு பெட்டிக்குச் செலவிட்டபின், பழுது முன்போலவே நிற்குமாயின், அவனுக்கு வண்டியும் இல்லை, பணமும் இல்லை. மின்சார உறுப்புக்களை ஒருமுறை பொருத்தியபின் திருப்பி வாங்கிக்கொள்ளாத கடைகளே பல. ஆதலால் இஃது ஒரு குடும்பத்தின் அன்றாடப் பிழைப்பைத் தொட்ட விஷயமென்பதை நினைவிற் கொள்வோமாக.

இனி, எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வேண்டப்பட்ட காரணத்தை ஆராய்வோம். முற்காலத்து வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டும் தொழிலைக் கார்புரேட்டர் செய்துவந்தது. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுத் தூயகாற்றுச் சட்டத் திருத்தம் புகையிலுள்ள நஞ்சைப் பெரிதுங் குறைக்க வேண்டுமென விதித்தது. அவ்விதிக்கியையக் கலவையை நொடிதோறும் அளந்து ஊட்டுதல் கார்புரேட்டருக்கு இயலாதாயிற்று. ஆதலின் மின்னணுக் கருவிகள் புகுந்தன. போர்டு கம்பெனியாரின் முதல் ஏற்பாடு 1978-ஆம் ஆண்டு மாதிரி வண்டியொன்றில் தோன்றியது. ஈஈசி-நான்கு எனப்படும் நான்காம் ஏற்பாடு 1980-களின் முற்பகுதியில் வந்தது. இன்டெல் கம்பெனியாரின் 8061 என்னும் சில்லு அதன் நடுநாயகமாய் அமைந்தது. மேற்கூறிய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 1987-ஆம் ஆண்டு மாதிரி முதல் கார்புரேட்டர் நீங்கி, இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோல் பீச்சும் முறை வந்தது. அன்று தொட்டு 1990-களின் நடுப்பகுதிவரை வந்த வண்டிகளையே இங்குக் கருதுகின்றோம்.

இக்கம்ப்யூட்டர் தொழில்புரியும் முறையை ஓர் உவமையால் விளக்குவாம். அரண்மனையை விட்டு வெளிப்போகாத அரசன் ஒருவன் ஒற்றர் கூறும் சொல்லைக் கேட்டு ஏவலர்க்கு ஆணையிடுதல் போல்வது இது. சென்சார்கள் எனப்படும் உணர்கருவிகளே ஒற்றர். எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தை ஒன்று கூறும். உட்புகும் காற்றின் வெப்பத்தை மற்றொன்று கூறும். காற்றுக்குழாயின் அழுத்தத்தையும், திராட்டில் எவ்வளவு திறந்துள்ளது என்பதையும், வெளியேறும் புகையில் எஞ்சிய பிராணவாயுவையும் வேறு சில கூறும். டிஸ்ட்ரிபியூட்டரினுள் அமைந்த ஒன்று எஞ்சின் சுழலும் நிலையைத் தெரிவிக்கும். இவையனைத்தையும் கேட்டபின், எத்துணைப் பொழுது இன்ஜெக்டர் திறந்திருத்தல் வேண்டும், எக்கணத்தில் தீப்பொறி எழல் வேண்டும் என்பவற்றைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். இன்ஜெக்டர்களும் ரிலேக்களும் ஏவலராய் நின்று அவ்வாணையை நிறைவேற்றும்.

இவ்வுவமையிலிருந்தே ஒரு பெரும் பயன் விளைகின்றது. ஆட்சி நிலைகுலையின் குற்றம் அரசனதேயாதல் வேண்டுமென்பதில்லை. ஒற்றர் பொய்யுரைத்திருக்கலாம், ஏவலர் கடமை தவறியிருக்கலாம், வழிகள் அடைபட்டிருக்கலாம், அரண்மனைக்கு உணவே சென்றிராமலும் இருக்கலாம். இவை நான்கும் இல்லையெனத் தெளிந்தபின்னரே அரசனை ஐயுறுதல் முறையாகும்.

கம்ப்யூட்டர் மெய்யாகவே கெடுங் காரணங்களும் சில உள. முதலாவது முதுமை. அதன் மின்சுற்றுப் பலகையின்மீது கண்டென்ஸர் எனவும் கெப்பாசிட்டர் எனவும் வழங்கும் சிறு உருளைகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் அகத்தே மின்சாரத்திற்கு உதவும் ஈரமான திரவம் அடைக்கப்பட்டிருக்கும். வெப்பம் மிகுந்தோறும் அவற்றின் ஆயுள் குறையும். பத்துப் பாகை வெப்பம் ஏறின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலறிந்தார் கொள்ளும் கணக்கு. ஆண்டுகள் பல செல்ல அத்திரவம் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். இரண்டாவது நீர், முன்கண்ணாடியின் ஓரத்தே கசியும் மழைநீர் பெட்டியினுட் புகின் பச்சைக் களிம்பு பிடிக்கும். மூன்றாவது, வெளியேயுள்ள ரிலேயோ இன்ஜெக்டரோ உள்ளே ஷார்ட் ஆகி, அளவிறந்த மின்சாரத்தை இழுத்து, கம்ப்யூட்டரின் உறுப்பை எரித்தல். நான்காவது, பாட்டரியைத் தலைகீழாக இணைத்தல் போன்ற மனிதர் பிழை.

நிற்க. இக்கேடு நேர்ந்ததற்கு அறிகுறிகள் யாவை? சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் விளக்கு எரியாமை, பெட்ரோல் பம்பு ஓரிரு விநாடி ஓடி ஓசை தராமை, எஞ்சின் சூடேறியவுடன் நின்று ஆறியபின் மீண்டும் ஓடுதல், ஐட்லிங் தாறுமாறாதல் என்பன பலராலுங் கூறப்படும். ஆயினும் இவற்றுள் எதுவும் கம்ப்யூட்டருக்கே உரிய தனியடையாளமன்று. பழுதான ஒரு ரிலேயும் இவையனைத்தையும் விளைக்கவல்லது. ஆகவே மல்டிமீட்டரைக் கையிலெடுத்து ஒழுங்காக ஆராய்தலே தக்கது.

முதற்கண் உணவு செல்கின்றதா என நோக்குக. இக்கம்ப்யூட்டரின் கனெக்டரில் 60 பின்கள் உள்ளன. அவற்றுள் 1-ஆம் பின்னில் எப்பொழுதும் பாட்டரியின் வோல்ட் இருத்தல் வேண்டும். 37, 57 ஆகிய பின்களில் சாவியைத் திருப்பியபின் அதே வோல்ட் தோன்றல் வேண்டும். தோன்றாவிடின் ரிலேயையும் பியூஸையும் நோக்குக. 40, 60 ஆகிய பின்கள் எர்த். எர்த் வயரைச் சோதிக்குங்கால் மின்சாரம் ஓடாத நிலையிற் சோதித்தல் போதாது. நூறு இழைகளுள் ஓரிழை மட்டும் எஞ்சிய வயரும் அந்நிலையில் நல்லதெனவே காட்டும். எஞ்சின் ஓடும்போதோ, ஓடாதாயின் சாவியைத் திருப்பி வைத்தோ, அப்பின்னுக்கும் பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே அளந்து பார்த்தல் வேண்டும். அங்கு ஒரு வோல்ட்டிற் பத்திலொரு பங்கிற்கு மேற்படத் தோன்றுமாயின், எர்த்தில் எங்கோ களிம்பு பிடித்துளதென்பது தெளிவு. உப்புத்தாளால் முனைகளைத் துடைத்து இறுக்கிய அளவிலே பிழைத்தெழுந்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ!

அடுத்து ஒற்றரைச் சோதிக்க. கம்ப்யூட்டர் தன் சென்சார்களிற் சிலவற்றுக்கு 5 வோல்ட் மின்சாரத்தை 26-ஆம் பின் வழியே தானே அனுப்புகின்றது. திராட்டில் சென்சாரின் கனெக்டரில் இதனை எளிதில் அளக்கலாம். அங்கு 5 வோல்ட் இல்லையெனில், உடனே கம்ப்யூட்டர் இறந்ததென முடிவுகட்டுதல் தவறு. ஒரு சென்சாரோ அதன் வயரோ ஷார்ட் ஆகி இம்மின்சாரத்தைக் கீழிழுக்குமாயின், ஏனைய சென்சார்களும் ஒருங்கே ஊமையாகிவிடும். ஆதலின் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் மீண்டும் அளந்து பார்க்க. ஒன்றைக் கழற்றிய கணத்தே 5 வோல்ட் திரும்பி வருமாயின், குற்றவாளி அதுவே. அனைத்தையும் கழற்றியும் வாராவிடின், உணவும் எர்த்தும் செம்மையாயிருப்பின், இடைப்பட்ட வயரும் பழுதற்றதாயின், அப்பொழுதே கம்ப்யூட்டரின்மீது ஐயம் வலுக்கும்.

இவ்வேற்பாட்டில் தன்னைத் தானே சோதித்துரைக்கும் ஆற்றலும் வைக்கப்பட்டுள்ளது. எஞ்சின் அருகேயுள்ள சோதனைக் கனெக்டரில் இரு முனைகளைச் சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பின், விளக்கு மின்னி மின்னி எண்களை உரைக்கும். முற்பட்ட வண்டிகளில் அவ்வெண் இரண்டிலக்கம், பிற்பட்டவற்றில் மூன்றிலக்கம். மூன்றிலக்க வண்டியில் 111 எனின் குறையொன்றும் காணவில்லையென்பது பொருள். 511, 513 என்பன கம்ப்யூட்டரின் அகத்தே கோளாறுளதென உணர்த்துவன. எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது சிலிண்டர்களின் தொகையிற் பாதியளவு முதலில் மின்னும். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மும்முறை. எவ்வாறு முயன்றும் ஓரெண்ணும் உரையாது ஊமையாய் நிற்பின், முற்கூறிய மின்சாரச் சோதனைகள் செம்மையாயிருக்கும்பட்சத்தில், பெட்டியைத் திறந்து பார்த்தல் தகும்.

பெட்டி இருக்குமிடம் ஓட்டுநர் காலருகே, எஞ்சினுக்கும் அறைக்கும் இடைப்பட்ட தகட்டுச்சுவர். இதனைத் தொடுமுன் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுதல் கட்டாயம். கனெக்டர் எஞ்சின் பக்கமாக நிற்கும். அதனைப் பிடித்துள்ள 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றைத் திருகியெடுத்து, வயரைப் பற்றியிழுக்காது கனெக்டரையே பற்றி நேரே இழுத்தல் வேண்டும். பின்னர்ப் பெட்டியை அறைப்பக்கமாக எடுக்கலாம். பலகையைத் தொடுமுன் வண்டியின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. கெப்பாசிட்டர்களின் அடியில் பிசுபிசுப்போ, பழுப்புக் கறையோ, பச்சைக் களிம்போ காணப்படின் நோய் இன்னதென்பது வெளிப்படை. கசிந்த திரவம் சூடுபட்டவழி மீன்நாற்றம் வீசுதலும் உண்டு.

இந்நிலையில் இரு வழிகள் உள. ஒன்று பலகையைப் பழுதுபார்த்தல். கசிந்தவற்றை நீக்கி, அரித்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பலகையின்மேற் பூசியுள்ள மெழுக்கை அவ்விடத்து மட்டும் சுரண்டி, புதிய கெப்பாசிட்டர்களை ஈயத்தாற் பற்றவைத்தல் அது. புதியதன் கொள்ளளவு பழையதற்கு ஒத்ததாகவும், வோல்ட் குறையாததாகவும், 105 பாகை வெப்பத்தைத் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். உருளையின் பக்கத்துள்ள கோடு நெகடிவ் காலைக் குறிக்கும். மாற்றிப் பொருத்தின் வெடித்துவிடும். சில காசு விலையுள்ள உறுப்புக்களால் பெரும்பொருள் மதிப்புள்ள பெட்டி பிழைத்தல் இவ்வழியின் சிறப்பு. ஆயினும், சில்லே எரிந்திருப்பினும், செப்புக் கோடுகள் பலகையோடு பெயர்ந்திருப்பினும் இது பயன்படாது.

மற்றொன்று வேறு கம்ப்யூட்டரைப் பொருத்துதல். இதன்கண் பலர் இடறுவர். கனெக்டர் பொருந்திய அளவிலே கம்ப்யூட்டர் பொருந்தியதாகாது. எஞ்சினின் அளவு, கியர்ப்பெட்டி கையால் மாற்றுவதோ தானே மாறுவதோ என்பது, கலிபோர்னியாவின் புகைவிதிக்கு அமைந்ததோ அன்றோ என்பது ஆகிய வேறுபாடுகளுக்கேற்ப அகத்தே பொறித்த கணக்குகளும் வேறுபடும். இவ்வேறுபாட்டை உணர்த்துவது பெட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டு. எழுத்திலக்கணம் பயின்ற நமக்கு அச்சீட்டைப் படித்தல் இன்பந்தருவதொன்றாம். அங்குள்ள உறுப்பெண்ணின் முதலெழுத்துப் பத்தாண்டைக் குறிக்கும்: இ எனின் 1980-கள், எப் எனின் 1990-கள். அடுத்த இலக்கம் அப்பத்தாண்டினுள் எவ்வாண்டு என்பதைக் குறிக்கும். மூன்றாமிடத்து டி என வரின் டிரக்கு. இடையில் வரும் 12ஏ650 என்பது இது கம்ப்யூட்டர் என்பதைக் காட்டும். இவற்றோடு சில எழுத்தும் எண்ணுமாகத் தடித்த உருவில் அச்சிடப்பட்ட குறியீடொன்று உண்டு. அதுவே அகத்துள்ள கணக்கின் பெயர். பழையதும் புதியதும் இக்குறியீட்டில் ஒன்றுபடுதலே பாதுகாப்பானது.

பழுதுபார்த்து விற்கும் கம்பெனியார் பழைய பெட்டியைக் கொடுத்தால் விலையிற் ஒரு பகுதியைத் திருப்பித்தரும் வழக்கமுடையர். புதியது செவ்வனே ஓடுகின்றதெனத் தெளியுமுன் பழையதைக் கைவிடலாகாது. ஒருகால் குற்றம் வேறிடத்ததாயின், தன் வண்டிக்கு முற்றும் பொருந்திய பெட்டியை விற்றுவிட்டுப் பொருந்தாததோடு தவிக்க நேரும்.

இனி யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு. பழைய கம்ப்யூட்டர் ஏன் எரிந்தது என்பதை அறியாது புதியதைப் பொருத்தற்க. இன்ஜெக்டர்களின் மின்தடையை அளந்து பார்க்க. இவ்வெஞ்சினில் அது ஏறக்குறைய 12 முதல் 16 ஓம் வரை இருத்தல் வேண்டும். மிகக் குறைந்த ஒன்று காணப்படின் அதுவே கொலையாளியாகலாம். ரிலேக்களின் சுருள்களையும் அவ்வாறே அளக்க. எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் தோன்றுதல் இயல்பு. 15-ஐக் கடந்து ஏறுமாயின் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரை மாற்றுக. நீர் புகுந்ததாயின் கசிவை அடைக்க. இவற்றைச் செய்யாதவழி, புதிய கம்ப்யூட்டரும் பழையதன் வழியே செல்லும். செல்வழி குறுகியதாயும் இருக்கும்.

இவ்வாண்டுகளின் வண்டிகளில் புதிய பெட்டியைப் பொருத்தியபின் வேறு சடங்கொன்றும் வேண்டுவதில்லை. பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பின் எஞ்சின் ஓடும். அவ்வெஞ்சினின் தனியியல்பை இன்னும் கல்லாமையால் முதலிற் சிறிது தடுமாறினும், சில மைல்கள் ஓடியபின் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். பிற்காலத்து வண்டிகளின் நிலை வேறு. அவற்றிற் பலவற்றில் பெட்டியைப் பொருத்தியபின், வண்டியின் எண்ணையும் சாவியின் மறைகுறியையும் தனிக்கருவிகொண்டு எழுதினாலன்றி எஞ்சின் உயிர்பெறாது. அக்கருவியும் அறிவும் உற்பத்தி செய்வோரிடம் மட்டுமே தங்குமாயின், உடையவன் தன் பொருளையே தான் திருத்தவியலாதவனாவான். இதுபற்றியே மாசாசூசெட்ஸ் மாகாணத்து மக்கள் 2012-ஆம் ஆண்டில் வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவல்களை உடையவர்க்கும் தனிப்பட்டறையார்க்கும் வழங்கல் வேண்டுமென்னும் சட்டத்தை ஆதரித்தனர்.

இதுகாறுங் கூறியவற்றால், கம்ப்யூட்டரை மாற்றுதல் கைவேலையிற் கடைசிப்படி என்பதும், அதற்கு முன்னுள்ள படிகள் யாவும் அறிவின் வேலை என்பதும் விளங்கும். அப்படிகளில் ஏறுதற்கு வேண்டுவன ஒரு மல்டிமீட்டரும், ஓர் உப்புத்தாளும், பொறுமையுமே. ஏழையொருவன் தன் பழைய வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துங்கால், விலையுயர்ந்த பெட்டியைச் சுட்டிக்காட்டுபவனைக் காட்டிலும், களிம்பேறிய எர்த் வயரைத் தேடிக் கண்டு துடைத்துக் கொடுப்பவனே அவனுக்கு நன்மை செய்தவனாவான். தொழில் எதுவாயினும், தீர்ப்பினும் ஆராய்ச்சி முற்படுதல் வேண்டும் என்பதை நாம் என்றும் கடைப்பிடிப்போமாக.